அழக்கூடாத காட்சி

என் பெரியம்மாவின் பெயர் இன்னாசியம்மாள். ஹேமலோசனி என்று சொன்னால்தான் பெரியவர்களுக்குத் தெரியும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரும் தெரியாது, முகம் மட்டும் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டிக்கர் சுற்றுகிறது. கறுப்பு வெள்ளையில் ஒரு பெண், நெற்றியில் பெரிய பொட்டு, இரண்டு கன்னத்திலும் வழியும் கண்ணீர், கீழே ‘நாளைக்குத் திங்கக்கிழமை’ என்று எழுத்து. அது பெரியம்மாதான்.

ஓசூரில் இருக்கும் என் மகள் அதை ஒருநாள் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டாள். பெரியம்மா என் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கிளிசரின் போடாம அழுத சீன்டா இது, பாஸ்கல்” என்றார். “எந்தப் படம்னுதான் ஞாபகம் வரலை. எல்லாத்துலயும்தான் அழுதேன்.”

அவர் சொன்னது உண்மைதான். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த என் தாத்தாவுக்கு மூத்த மகள் அவர். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவரை நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் பார்த்தார். அங்கிருந்து கோடம்பாக்கம். இன்னாசியம்மாள் என்ற பெயர் போஸ்டருக்கு ஆகாது என்று ஹேமலோசனி ஆக்கினார்கள். பத்து வருடம் போலக் கதாநாயகி. தமிழில் பேசினார், தெலுங்கில் பேசினார், கன்னடத்தில் மனப்பாடம் செய்து பேசினார். முதல் படத்திலேயே இடைவேளைக்குப் பிறகு இறந்துபோகும் வேடம். படம் ஓடியது. அதன் பிறகு அவரைச் சாகடித்தால் படம் ஓடும் என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. காசநோயில் இறந்தார், கிணற்றில் விழுந்து இறந்தார், மாமியார் கையால் விஷப்பால் குடித்து இறந்தார். முப்பது வயதுக்குள் அக்கா வேடம் வந்தது, அதற்கடுத்து அம்மா வேடம். அதிலும் சாவுதான். பிறகு ஒரு வேடமும் வரவில்லை. கல்யாணமும் அமையவில்லை. என் அம்மா உயிரோடு இருந்தபோதே நாகல் நகருக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அவர் நடித்த படங்களில் பாதிக்கு மேல் இன்று இல்லை. பிலிமைக் காய்ச்சி வெள்ளி எடுப்பதற்காக விற்றுவிட்டார்களாம். மிச்சம் இருப்பதில் காலை நேர டி.வி.யில் எப்போதாவது ஒரு பாட்டு வரும். அதுவும் சோகப் பாட்டு.

போன தை மாதம் ஆனந்த்ராஜ் என்ற இளைஞர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அதுவரை குறும்படம் எடுத்தவர். இப்போது கன்னிவாடியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து முதல் பெரிய படம் எடுக்கப்போகிறார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. பெரியம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“படம் முழுக்க நீங்கதாம்மா இருக்கீங்க” என்றார். “ஆனா…”

“என்ன தம்பி, ஆனா?”

“படம் ஆரம்பிக்கும்போதே நீங்க இறந்துட்டீங்க.”

கதை இதுதான். ஒரு கிழவி இறந்துபோகிறாள். உடலைக் கட்டிலில் கிடத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் உறவுக்காரர்கள் சொத்துக்குச் சண்டை போடுகிறார்கள். கேமரா அடிக்கடி கிழவியின் முகத்துக்கு வந்து நிற்கும். வசனம் கிடையாது.

பெரியம்மா சிரித்துவிட்டார். “வசனம் மனப்பாடம் பண்ண வேண்டாம். நல்லதாப் போச்சு.”

அவர் ஒப்புக்கொண்டது என் மனைவி செலினுக்குப் பிடிக்கவில்லை. “உசுரோட இருக்கவுகளக் கெடத்தி மாலை போடுறதா? கேக்கவே நல்லா இல்லையே அத்தை. அவுகளுக்கு வேற வேசமே கெடைக்கலையா?”

“இதவிட நல்ல வேசம் எனக்கு வந்ததே இல்ல செலினு” என்றார் பெரியம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆயுசு பூரா என்னைய அழ வச்சாய்ங்க. இவன் ஒருத்தன்தான்டா அழ வேண்டாம்னு கேக்குறான். பொணம் அழாதுல்ல? அழாத மூஞ்சி ஒண்ணாச்சும் எனக்குப் பின்னால மிஞ்சட்டும். நான் போனப்பறம் யாராச்சும் பாத்தா, இந்தப் பொம்பளைக்கு இப்படியும் ஒரு மூஞ்சி இருந்துச்சான்னு பாக்கட்டும்.”



மறுநாளிலிருந்து பயிற்சி தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கினால் சொல்ல வேண்டும். மூச்சை நெஞ்சில் வாங்காமல் அடிவயிற்றில் வாங்குவது எப்படி என்று விளக்கினார். கண்ணை மூடியபின் இமைக்குள்ளே விழி அலைந்தால் வெளியே தெரியுமாம். அதனால் உள்ளுக்குள் மூக்கு நுனியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒருநாள் ஈ ஒன்று அவர் உதட்டில் உட்கார்ந்து, மூக்கு ஓரமாக நடந்து, கன்னத்தில் கொஞ்சம் நின்று பறந்துபோனது. அவர் அசையவில்லை. எனக்குத்தான் பயம் வந்து, “பெரியம்மா” என்று தோளைத் தொட்டேன்.

“பாத்தியா, நீயே பயந்துட்ட” என்று எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். “நான் ரெண்டாவது டேக் வாங்குனதே இல்ல, தெரியுமாடா? கம்பெனிக்காரன் பிலிமு மிச்சம்னு கும்புடுவான்.”

படப்பிடிப்பு மாசிக் கடைசியில். விடியும்போதே கார் வந்துவிட்டது. கன்னிவாடி வீட்டு வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். தப்பு அடிப்பவர்கள் ஒரு ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு முனையில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். கதையில் வரும் கிழவியின் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் படம் பெரியம்மாவின் பழைய படம், கதாநாயகியாக இருந்தபோது எடுத்தது. எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பெரியம்மா காரிலிருந்து எட்டிப் பார்த்து, “நல்ல படமாத்தான் எடுத்துருக்கான்” என்றார்.

ஊர்ப் பெண்களையே அழ வைக்க வேண்டும் என்பது ஆனந்த்ராஜின் விருப்பம். ஆட்களைச் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பு சோலைமுத்து என்ற உள்ளூர்க்காரருக்கு. அவர் செய்த காரியம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் வரிசையாகச் சொல்வதென்றால் இங்கேதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஒப்பாரி என்றால் கருப்பம்மாள்தான். பூந்தோட்டத்தில் சம்பங்கி பறிக்கும் வேலை பார்க்கிறவர், அறுபத்தைந்து வயது இருக்கும். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒப்பாரி பாடமாட்டார். பாடினால் அவர்கள் ஆயுள் குறையும் என்பது அவருடைய நம்பிக்கை. சினிமா என்று சொன்னால் வரமாட்டார் என்று சோலைமுத்துவுக்குத் தெரியும். அதனால், “ஒரு சாவு, வந்து பாடிட்டுப் போ ஆத்தா” என்று மட்டும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

கருப்பம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. தெரு முனையில் பிளக்ஸைப் பார்த்திருக்கிறார். படத்தில் இருந்த முகம் தெரிந்துவிட்டது. கேமராவும் விளக்கும் அவருக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. இப்போது வீடியோ எடுக்காத சாவு வீடு எது? வசதியான வீடுகளில் பந்தலுக்கு மேலே ட்ரோன்கூடப் பறக்கிறது. செத்தது சினிமாக்காரி, கேமரா நாலு கூடுதலாக வந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

பெரியம்மாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய், கழுத்தில் ரோஜா மாலை. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நான் கேமராவுக்குப் பின்னால், டைரக்டர் பார்க்கும் சின்ன டி.வி. பக்கத்தில் நின்றேன். அதில் பெரியம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. எதையுமே கேட்காத முகம். அந்த மாதிரி அவரை நான் பார்த்ததில்லை.

“ஆக்‌ஷன்” என்று சத்தம் போடாமல் கையைத்தான் காட்டினார் ஆனந்த்ராஜ். பெண்கள் அழுதுகொண்டே உள்ளே வந்தார்கள். கடைசியாக வந்த கருப்பம்மாள் மற்றவர்களை விலக்கிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். முந்தானையை வாயில் வைத்து எடுத்துவிட்டுப் பாடத் தொடங்கினார்.

“டென்டுக் கொட்டாயில மணலக் குமிச்சுவச்சு
மணலு மேல ஒக்காந்து ஒன்னையப் பாத்தேன் எந்தாயி
நீ சாகையில நா அழுதேன் மாராப்பு நனைஞ்சுபோச்சு
மறுநா போயிப் பாத்தா மறுபடியும் நீ இருந்த

ஒன்னப் போலச் சீலகட்டி ஒன்னப் போலக் கொண்டவச்சு
ஒம்பேர எம்மகளுக்கு ஆசையா வச்சேனே
பேறுகாலம் பாக்கப்போயி பேருமட்டும் வீடு வந்துச்சு
பேருக்காரி நீயிருக்கன்னு மனசத் தேத்தி நானிருந்தேன்…”

சின்ன டி.வி.யில் பெரியம்மாவின் இடது கண் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. வியர்வை என்று நினைத்தேன். அது திரண்டு, காது மடலை நோக்கி இறங்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

“கட்” என்று சொல்வதற்குள் கருப்பம்மாள் பார்த்துவிட்டார்.

“ஆத்தி! உசுரு இருக்குடி! கட்ட அவுருங்க, தண்ணி கொண்டாங்க! பாவிகளா, உசுரு இருக்கவகளக் கெடத்திட்டீகளே!” என்று கத்தி, தாடைக் கட்டைப் பிடுங்கி, மூக்குப் பஞ்சை உருவி எறிந்தார். பெரியம்மா கண்ணைத் திறந்தார்.

“ஒண்ணுமில்லம்மா, சினிமா. நடிப்பு” என்று ஆனந்த்ராஜ் ஓடிவந்தார்.

கருப்பம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சோலைமுத்துவைத் தேடினார். “ஏலே சோலமுத்து! நீ வெளங்குவியாடா? மகராசி உசுரோட இருக்கையில என்னையப் பாட வச்சுட்டியேடா!”

“சினிமான்னா நீ வந்திருப்பியா ஆத்தா?” என்றார் சோலைமுத்து, ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி.

“வந்திருக்க மாட்டேன். அதுக்காக? ஒங்காத்தாளக் கெடத்துடா, அவளுக்குப் பாடுறேன்!”

இரண்டு பேர் சிரித்தார்கள். கருப்பம்மாள் சிரிக்கவில்லை. பெரியம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, “தெரியாமப் பாடிட்டேன் தாயி, மனசுல வச்சுக்காதீக” என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

மேக்கப்பைச் சரிசெய்து மறுபடியும் எடுத்தார்கள். மற்றப் பெண்கள் வெறுமனே அழுதார்கள். பாட்டே இல்லை. ஆனாலும் கேமரா முகத்துக்கு வந்ததும் கண்ணீர் வந்தது. துடைத்து எடுத்தார்கள். மறுபடியும் வந்தது. அழுகைச் சத்தமே வேண்டாம் என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அமைதியாக எடுத்தார்கள். அப்போதும் வந்தது. பெரியம்மாவின் நெஞ்சு அசையவில்லை, இமை அசையவில்லை, உதடு அசையவில்லை. கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

“எனக்கே தெரியல தம்பி” என்றார் பெரியம்மா. “செத்த பொறுங்க. நிறுத்திருவேன்.”

வெயில் சாயத் தொடங்கிவிட்டது. ஆனந்த்ராஜ் நல்ல பையன். கடைசிவரை கோபப்படவில்லை. பெரியம்மாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “வெளிச்சம் போயிட்டிருக்கும்மா. நீங்க ரெஸ்ட் எடுங்க. வேற ஆளை வச்சு முடிச்சுக்கறேன்” என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எதிர்வீட்டு அய்யம்மாள் கிழவியைக் கூட்டிவந்தார்கள்.

“சும்மா படுத்துக் கெடக்கணும், அம்புட்டுத்தான?” என்று கேட்டார் கிழவி. “அதத்தான வீட்லயும் செய்யுறேன். மருமக திட்டுறா, நீங்க காசு தாரீக.”

அதே மாலை, அதே கட்டில். பெரியம்மாவின் நெற்றியில் இருந்த அதே ஒரு ரூபாய். படுத்த கொஞ்ச நேரத்தில் அய்யம்மாள் உண்மையாகவே தூங்கிவிட்டார். முதல் டேக்கிலேயே ஓ.கே. எழுப்பத்தான் சிரமப்பட்டார்கள்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்தால்தான் தோஷம் கழியும். அய்யம்மாள் எழுந்து உட்கார்ந்து, பல் இல்லாத வாயால் சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பெரியம்மா ஓரத்து நாற்காலியில், மேக்கப்பைக் கலைக்காமல், தானும் தட்டினார்.

லைட் பிரிவில் வயதான ஒருவர் இருந்தார். அவர் தயங்கித் தயங்கிப் பெரியம்மாவிடம் வந்தார். “அம்மா, நீங்களும் கட்டில்ல படுத்தீங்க. ஒரு தடவை கேமராவைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போயிருங்க. அப்படியே போகக்கூடாது.”

“ஓ.கே. ஆன பொணம்தான் சிரிக்கணும் தம்பி” என்றார் பெரியம்மா. “நான் எங்க செத்தேன்?”

வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு முகத்தை அவரே துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?”

“எந்தப் புள்ளை, பெரியம்மா?”

“எம்பேரு வச்ச புள்ளை. பேறுகாலத்துல போயிட்டான்னு பாடுனாள்ல. அதுக்கப்புறம் என்னமோ சொல்ல வந்தா. நான் கெடுத்துட்டேன்.” கொஞ்சம் பொறுத்து, “நான் செத்துச் செத்து எம்புட்டு சனத்த அழ வச்சிருக்கேன். திரைக்கு முன்னால யாரு உக்காந்து அழுதான்னு நான் பாத்ததே இல்லடா” என்றார்.

மறுநாளும் இதையே கேட்டார். அதற்கு மறுநாளும். பாட்டின் முதல் வரிகள் எனக்கு நினைவிருந்தன. சொல்லிக் காட்டினேன். “அதான் தெரியுமே. மிச்சம்?” என்பார். தவக்காலம் தொடங்கிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைப் போடும்போது, “ஆட்டோ பிடி பாஸ்கல், கன்னிவாடிக்குப் போவோம்” என்றார். பஸ்ஸில் போகலாம் என்றேன். கேட்கவில்லை.

கருப்பம்மாள் தோட்டத்து ஓரக் கொட்டகையில் சம்பங்கியைக் குவித்து வைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“நல்லா இருக்கீகளா தாயி? நான் பாடுனதுல ஒண்ணும் ஆகலையே? நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல.”

“நல்லாத்தான் இருக்கேன். உக்காரு.”

சாக்கை விரித்துப் போட்டார். பெரியம்மா காலை நீட்டி உட்கார்ந்தார். மகளைப் பற்றிக் கேட்டார். கருப்பம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னார். பெயர் ஹேமலோசனி, வீட்டில் லோசனி. நிறம் கறுப்பு, கண் மட்டும் பெரிது. கீரனூரில் கட்டிக்கொடுத்தது. முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. குழந்தையும் இல்லை.

“பேரு நீளமா இருக்கு, வாயில நுழையலன்னு பள்ளிக்கூடத்துல வாத்தியாரு மாத்தச் சொன்னாரு” என்றார். “மாட்டேன்னுட்டேன். அவ போனப்பறம் டி.வி.ல ஒங்க பாட்டு வந்தா நான் எந்திரிச்சுப் போக மாட்டேன். பேருக்காரி இருக்காள்ல, பாப்போம்னு உக்காந்துருவேன்.”

பெரியம்மா ஒரு சம்பங்கியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். “அந்தப் பாட்ட அன்னைக்கு முடிக்கல நீ. மிச்சத்தப் பாடு. அதக் கேக்கத்தான் வந்தேன்.”

கருப்பம்மாள் சட்டென்று தலையை ஆட்டினார். “மாட்டேன் தாயி. தெரியாமச் செஞ்சது ஒருக்க. தெரிஞ்சே பாடுனா ஒங்க ஆயுசு கொறைஞ்சுரும்.”

“எனக்கு எம்பதாகப் போகுது. இன்னும் கொறைய என்ன இருக்கு?”

“இருக்குறது அம்புட்டையும் இருந்து முடிங்க. ஒங்களுக்கு ஒண்ணுன்னா இந்தத் தம்பி ஒரு போனு போடட்டும். எங்க இருந்தாலும் ஓடியாறேன். வேதக்காரவுக வீடுன்னாலும் வாசல்ல உக்காந்து முச்சூடும் பாடிட்டுத்தான் போவேன்.”

“அன்னைக்கு எனக்குக் கேக்காதே, கருப்பம்மா.”

கருப்பம்மாள் என்னைப் பார்த்தார். அவர் குனிந்து பூவைப் பிரிக்கத் தொடங்கினார். மொட்டு ஒரு பக்கம், விரிந்தது ஒரு பக்கம். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“எத்தனையோ சாவுக்குப் பாடியிருக்கேன் தாயி. நான் பாடுனத ஒருத்தரும் காதால கேட்டதில்ல. நீங்க ஒருத்தர்தான் பாதியாச்சும் கேட்டீக. அது போதும்னு வைங்க.”

பெரியம்மா கையிலிருந்த சம்பங்கியைக் குவியலில் வைத்தார். ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். நான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். எழுந்து நின்று, சேலையில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டு, கருப்பம்மாளைப் பார்த்தார்.

“பத்தலையேம்மா” என்றார்.